விரதச் சட்டியில் நிமிர்ந்த ரப்பர் மீன்கள்

தூண்டில் போடும் வாசகர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். நானும் மனைவியும் வெளிநாட்டில், பலெர்மோ என்ற கடலோர நகரில், சீசா என்னும் பகுதியில் இருக்கிறோம். தூண்டிலில் மாட்டும் என் ரப்பர் மீன்கள், வெயிலில் நின்ற காருக்குள் கிடந்து கோணிப்போயிருந்தன. கொதிநீரில் போட்டெடுத்துக் குளிர்நீரில் விட்டால் நிமிர்ந்துவிடும்.

அது கந்தசஷ்டிக் காலம். பிள்ளை வேண்டி மனைவி வருடாவருடம் பிடிக்கும் விரதம். மீன் சமைக்கும் சட்டிகளையெல்லாம் கட்டி மேலே வைத்துவிட்டாள். அடுப்படியில் இருந்தது அவள் பால் காய்ச்சும் சட்டி மட்டும்தான். வெறும் ரப்பர்தானே என்று அதிலேயே போட்டு நிமிர்த்தினேன். கடல்மீன்கள் மணம் பிடித்து வருவதற்காக அவற்றில் மீன் எண்ணெய் ஊறவைத்திருப்பார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. சட்டியைக் கழுவித்தான் வைத்தேன்.

பின்னேரம் பாலைக் காய்ச்சி ஒரு மிடறு குடித்தவள், ஓடிப்போய் வாந்தியெடுத்தாள்.

"இதுக்குள்ளை என்னப்பா அவிச்சனீங்கள்?"

சொன்னேன்.

"நாளைக்குத் திரும்பப் பிடியுமன்" என்றேன்.

"காணுமப்பா. எனக்கும் களைச்சுப் போச்சு, முருகனுக்கும் களைச்சுப் போயிருக்கும்."

இப்போது ரப்பர் மீன்களைப் பழைய தக்காளி டின்னில்தான் நிமிர்த்துகிறேன். அவளுக்குப் புதுச் சட்டியும் வாங்கி வைத்தேன். அடுத்த கந்தசஷ்டி தொடங்கிய அன்று, அவள் அதில் மீன்குழம்பு வைத்தாள்.