மேட்டு மடையைக் காத்தவர்

மீனாட்சிபுரத்துக்குக் கிழக்கே, எங்கள் வயலுக்கு மேலே இருந்த வாய்க்கால் மடையை மேட்டு வயல்காரர்களுக்காகக் காவல் காத்தவர் அவர். ஒல்லியான உடம்பு. இடது புருவத்தைப் பிளந்த வெட்டுத் தழும்பு. சும்மா இருக்கும்போதெல்லாம் மண்வெட்டியின் முனையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருப்பார்.

அந்த வருடம் மழை பொய்த்தது. எங்கள் நெல் கருகுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அப்பா மடைப் பலகையைத் தூக்கினார். காவல்காரரின் மண்வெட்டிக் காம்பு அப்பாவின் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் வரப்பில் நின்ற எனக்கே கேட்டது.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். வாய் சும்மா இருக்குமா?

"ஆத்தோரமா ஒண்ணாக் கூடி வெள்ளாமை பண்ணித்தான் ஆதியில ஊரே பொறந்துச்சு! புத்தகத்துல படிச்சிருக்கறேன். நீங்க மனுசந்தானுங்களா?" என்று கத்தினேன்.

"கூடுனாங்க, செரி. பள்ளத்துக்காரனுக்கு ஆரு தண்ணி உட்டாங்கன்னு அதுல போட்டிருக்குதுங்களா, அம்மிணி? உங்க வயலு மேட்டுல இருந்திருந்தா, உங்கப்பாரு என்ற கைய முறிச்சிருப்பாருங்க."

சொல்லிக்கொண்டே தன் தலைத்துண்டைக் கிழித்து அப்பாவின் கையைக் கட்டினார்.

வைத்தியரிடம் போகும் வழியில், "ஏனுங்கப்பா, நீங்களும் அடிச்சிருப்பீங்களா?" என்று கேட்டேன். அப்பா கட்டுப் போட்ட கையை மறு கையால் தாங்கியபடி நடந்தார்.

அந்த மனிதர் போட்ட முடிச்சு, வைத்தியர் அவிழ்க்கும்வரை தளரவே இல்லை.