மட்டம் பார்க்கப் போனவர்கள்

சென்ற மாதம் கொல்லிமலையில் சோளக்காடு நிறுத்தத்தில் பேருந்து நின்றபோது தனலட்சுமியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவர் தம்பி. "அக்கா இல்லீங்க" என்றார். "பரவாயில்லைங்க, வர்ற வரைக்கும் இருக்கேன். பாதி வழி வந்துட்டேன்" என்றேன். அதற்கு அவர், "காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க மேடம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." என்று நிறுத்தினார். அவர் முதலில் சொன்னது அப்போதுதான் எனக்கு எட்டியது.

தனலட்சுமியிடம் ஒன்றைச் சொல்லத்தான் அவர் ஊரான எடப்புளி நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சொல்லாமலே மாலை போட்டுவிட்டுத் திரும்பினேன். அவரோடு வேலை பார்த்த, அவரிடம் படித்த உங்களிடம் அதைச் சொல்கிறேன்.

மலையடிவாரத்துக்கு அப்பால் உள்ள எங்கள் கட்டடக்கலைக் கல்லூரியில் பல ஆண்டுகள் எங்கள் மேசைகள் ஒரே அறையில் இருந்தன. நான் வடிவமைப்பு, அவர் கட்டுமானம். மூன்றாம் ஆண்டு மாணவர்களை ஒரு பருவம் முழுக்க, வாரம் இரண்டு நாள் கொல்லிமலைக்கு அழைத்துப்போவது அவர் தொடங்கிய வழக்கம்.

முதல் முறை நானும் போனேன். வளப்பூர் நாட்டில் ஓர் அங்கன்வாடிக்கு மாணவி ஒருத்தி வரைந்த படம். அதிக மதிப்பெண் போட்டவள் நான். பக்கத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த அம்மா அதை வாங்கிப் பார்த்தார். "ஊடு நல்லாத்தான் இருக்குது கண்ணு. தரையை மட்டும் கீழ இருந்து கொண்டாந்துருவீங்களா?" என்றார். படத்தில் நிலம் ஒரே நேர்கோடாக இருந்தது; நாங்கள் நின்றதோ சரிவு. மாணவி என்னைப் பார்த்தாள். தனலட்சுமி மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை எடுத்து ஒரு முனையை அவளிடமும் மறுமுனையை என்னிடமும் கொடுத்தார். "மார்க் போட்டவங்களும் புடிக்கலாமுங்க." மேட்டு மூலையில் தண்ணீர் என் கணுக்காலில் நின்றது, பள்ளத்து மூலையில் அவள் மார்பளவில். "ரெண்டும் ஒரே மட்டம். இப்ப வரைங்க" என்றார்.

காலியான வகுப்பைப் பார்த்த முதல்வர் ஒருநாள் மலையிலிருந்த தனலட்சுமியைப் போனில் அழைத்து, "என்ன மேடம், மொத்த வகுப்பும் மட்டமா?" என்று கேட்டார். "ஆமாங்க சார். மட்டம் பாக்கத்தான் மட்டம் போட்டிருக்காங்க." முதல்வரும் சிரித்துவிட்டார்.

இந்த ஆண்டு பாடத்திட்டத்தைத் திருத்தும் குழுவில் நான் இருந்தேன். மலைக்கு இரண்டே நாள் போதும், மீதியைக் கணினியில் காட்டலாம் என்றார்கள். பேருந்து, வருகைப்பதிவு, பெற்றோர் பயம் என்று காரணங்கள் வந்தன. நான் கையெழுத்திட்டேன். யாரும் வற்புறுத்தவில்லை. களைப்பு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை. மலையிலிருந்து திரும்பும் பிள்ளைகள் என் மேசையைத் தாண்டி நேராக அவர் மேசைக்குப் போவார்கள். பார்த்துப் பார்த்து எனக்குள் ஏதோ புளித்துப்போயிருந்தது.

அவருக்கு இது தெரியாது. விடுப்பில் ஊருக்குக் கிளம்பும்போது, "கமிட்டியில நீங்க இருக்கறப்ப எனக்கென்னங்க கவலை" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தார். அதன்பின் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இப்போதும் வகுப்பின் நடுவே எழுந்து தாழ்வாரத்துக்குப் போய், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புகிறேன்.

மாணவர்கள் தவறாக வரைந்தால் ரப்பரைத் தொட அவர் விடமாட்டார். "அழிக்காதீங்க. பக்கத்துல சரியா வரைஞ்சு, பேரைப் போடுங்க. அடுத்தவங்க அதே எடத்துல வுழ வேண்டாம்" என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இது ஒன்றுதான். நேற்று குழுவுக்குக் கடிதம் எழுதினேன். என் கையெழுத்து தவறு, அந்தப் பருவம் அப்படியே இருக்க வேண்டும் என்று எழுதிக் காரணத்துக்கு வந்தேன். பொறாமை என்ற சொல்லை இரண்டு முறை எழுதிக் கோடிட்டு அடித்தேன். மூன்றாம் முறை எழுதி, கீழே என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன்.