மதினியைப் பற்றி ஒரு குறை

என் டைரியை மதினி எடுத்துப் படித்துவிட்டு அண்ணனிடம் சொல்லிச் சிரித்தாள் என்பதை இன்று நான் சொல்லவில்லை. தினமும் வெந்நீரைத் தீர்த்துவிடுவாள் என்பதையும் சொல்லவில்லை.

இரண்டிரண்டு பேராக நாடு நாடாக ஓடும் டிவி போட்டியின் தென்னிந்தியப் பதிப்புக்கு இன்று மூணாறில் நேர்முகத் தேர்வு. விண்ணப்பித்தது நான். சாந்தன்பாறை ஏலக்காய் ஸ்டோரில் லீவு கேட்கத் தயங்கிய மதினியை வற்புறுத்தி ஜோடி சேர்த்ததும் நான்.

"ஒருத்தர்கிட்ட ஒருத்தருக்குப் பிடிக்காததைச் சொல்லுங்க" என்றார் தேர்வாளர்.

"அப்படி ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

மதினி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவளா சார்? புஸ்தகத்த விரிச்சா, அடுப்புல பால் பொங்குனாலும் எந்திரிக்க மாட்டா. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்க பேசுனாக்கூட மொறைப்பா. இவகூட ஓடுறதுக்கு ஏலக்கா மூட்டையத் தூக்கிட்டு ஓடலாம்."

அறையே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில், "போட்டிக்காகச் சொன்னேன்டி, கோவிச்சுக்காத" என்றாள். பூப்பாறை வரை நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டேன்.

நாத்தனார்களே, நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

சாயங்காலம் மதினிக்குப் போன் வந்தது. அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம், வேறு ஜோடியோடு வரச் சொன்னார்களாம். அண்ணன் தன் பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்கிறான்.