தமயந்தி டீச்சருக்கு வந்த பச்சைச் சேலை

இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது தமயந்தி டீச்சரின் மகன் கார்த்தியிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், அம்மா போயிட்டாங்க" என்றான். அவன் என்னிடம் படித்தவன். அழுகையை அடக்கும் குரல் ஏழாம் வகுப்பில் கேட்ட குரலாகவே இருந்தது. பிறகு, "பாலசமுத்திரம் மாமா கிளம்பிட்டாராம். மயானத்துல நாலு மணிக்கு நேரம் குடுத்திருக்காங்க. வந்துருவாருல்ல டீச்சர்?" என்றான். வந்துவிடுவார் என்று சொன்னேன். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அன்று முழுவதும் தெருமுனையைப் பார்த்தபடி இருந்தேன்.

தமயந்தி டீச்சரிடம் படித்தவர்களுக்கும் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவருக்குப் பாலசமுத்திரத்தில் ஒரு தம்பி இருந்ததே உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அவர் சொல்லிக்கொண்டதில்லை.

ஆனால் தேர்வு நாட்களில் பள்ளி வாசலில் நிற்கும் டீச்சரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆத்தூர்ப் பக்கத்துப் பஸ் வராவிட்டால் கேள்வித்தாள் கட்டைப் பிரிக்க மாட்டார். தலைமையாசிரியர் கடிகாரத்தைக் காட்டுவார். "பஸ்ஸு லேட்டாச்சுன்னா பிள்ளைக என்ன சார் செய்யும்? வரட்டும்" என்பார் இவர். நாங்கள் அதைப் பிடிவாதம் என்று நினைத்தோம். காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவருடைய அம்மா இறந்தபோது இவர் வெளியூரில் ஒரு பயிற்சி முகாமில் இருந்தார். செய்தி தாமதமாகக் கிடைத்து, மழையில் பஸ் மாறி மாறி ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தம்பி தண்டபாணி தனக்காகக் காத்திருக்கவில்லை என்பதை இவரால் தாங்க முடியவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

போன வருடம் ஐப்பசியில் ஒருநாள் காலையில், ஆத்தூர் அணை நிரம்பியிருக்கிறதாம், பார்த்துவிட்டு வருவோம் என்று என்னை அழைத்தார். ஓய்வு பெற்ற பிறகுதான் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஹாரன் அடிக்கும் பழக்கம் கிடையாது. கண்ணாடியை இறக்கி, "ஏலே அப்பு, ஆட்டை ஓரமா ஓட்டுடா" என்று குரல் கொடுப்பார். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம் என்று என் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம். அணையைப் பார்த்தோம். வத்தலக்குண்டுக்குப் போய்க் காபி குடித்தால் என்ன என்றார். குடித்தோம். திரும்பி வருகையில் செம்பட்டி முக்கில் வண்டி சட்டென்று இடப்பக்கம் திரும்பியது.

"டீச்சர், வீட்டுக்கு நேராப் போகணும்."

"வீடு எங்கயும் போயிராது. செத்த நேரம் சும்மா வாங்க."

கன்னிவாடி தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒட்டன்சத்திரத்தில் மார்க்கெட் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டினார். "ஏனுங்கம்மா, வண்டியப் பின்னால எடுங்க. இல்லீனா தக்காளியோட தக்காளியா உங்களையும் ஏத்திப்போடுவோமுங்க."

"ஏத்துங்க தம்பி. பாலசமுத்திரத்துல எறக்கி விட்டுருங்க" என்றார் டீச்சர்.

எங்கே போகிறோம் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். அவருக்குமே அப்போதுதான் தெரிந்ததோ என்னவோ. அதன்பின் பழனி தாண்டும் வரை அவர் வாய் திறக்கவில்லை. ஆடு மாடுகள் திட்டு வாங்காமல் தப்பித்தன.

தென்னந்தோப்பை ஒட்டிய வீடு. தண்டபாணி வாசலுக்கு வந்தார். நரைத்த மீசை, அக்காவின் அதே மூக்கு. "வாக்கா" என்றார். இவர் உட்காரவில்லை, தண்ணீர் வாங்கவில்லை. நனைந்தபடி நின்று, "அம்மா மொகத்தை ஏன்டா எனக்குக் காட்டல?" என்று கேட்டார்.

தம்பி உள்ளே போய்க் குடையை எடுத்து வந்தார். அக்காவுக்குப் பிடித்துக்கொண்டு தோப்பின் கடைசிவரை நடந்தார். நானும் பின்னால் போனேன். அங்கே ஓடை. சுடுகாட்டுக்குப் போகும் தடம் அதில் இறங்கி அக்கரையில் ஏறுகிறது. செந்தண்ணீர் தடத்தை மூடிக்கொண்டு ஓடியது. நாங்கள் பார்க்கப் பார்க்க அது கரைக்கல்லின் மேல் ஏறியது.

"அன்னிக்கும் இப்படித்தான்" என்றார் தண்டபாணி. "இப்பத் தாண்டலீனா தாண்டவே முடியாதுன்னுட்டாங்க. அக்கா வரட்டும்னு நான் சித்த நேரம் நிக்கச் சொன்னேன். ஆளுக நின்னாங்க. தண்ணி நிக்கலையேக்கா."

டீச்சர் குடைக்குள்ளிருந்து தம்பி பக்கம் திரும்பினார். "இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடா."

"நீ கேட்டாத்தான? போன் பண்ணப் பண்ண வெச்சுட்ட."

பிறகு அவர்கள் அழுதார்கள். அதை நான் எழுதப் போவதில்லை. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது தம்பி காரைச் சுற்றி வந்து பார்த்து, "இதை நீயேவா ஓட்டிட்டு வந்த? வழியில எத்தனை பேரு தப்பிச்சாங்க?" என்றார். அக்கா அவர் தோளில் ஓர் அடி வைத்தார்.

அதற்குப் பிறகு தினமும் போனில் பேசிக்கொண்டார்கள். பெரும்பாலும் சண்டைதான். எனக்கு அது நன்றாகக் கேட்கும். டீச்சர் பேசினால் பக்கத்துத் தெருவுக்கே கேட்கும். ஆனால் ஒரு வருடம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை.

டீச்சர் இறந்த அன்று மூன்று மணி வரை காத்திருந்தோம். உடலுக்குப் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வரட்டும் என்றேன். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று கார்த்தியும் எல்லோரையும் நிறுத்தி வைத்தான். தண்டபாணியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மயானத்தில் அடுத்தவருக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அவர்களும் ஒருவரை இழந்தவர்கள்தானே. கார்த்தி என்னைப் பார்த்தான். எடுத்துவிடலாம் என்று தலையசைத்தேன்.

மயானத்தின் கேட்டில் நான் நின்றுகொண்டிருந்தேன்; தண்டபாணி வந்து சேர்ந்தபோது உள்ளே தகனமேடையின் கதவு மூடியிருந்தது. கையில் துணிக்கடைப் பை. மூச்சு வாங்கியது.

"கோடின்னு சொன்னதும் பழனியில கடைக்குக் கடை வெள்ளையா எடுத்துப் போட்டானுங்க டீச்சர். வீட்டுக்காரரு போன பொறவும் எங்கக்கா வெள்ளை கட்டுனதில்லீங்களே. கலராத் தேடித் தேடி எடுக்கறதுக்குள்ள பஸ்ஸு போயிருச்சுங்க." பையிலிருந்து எட்டிப் பார்த்தது இலைப் பச்சையில் ஒரு சின்னாளபட்டிச் சுங்கடி. அவர் அதைப் பைக்குள் தள்ளினார். "அம்மா மொகத்தை அவ பாக்கல. அவ மொகத்தை நான் பாக்கல. சரியாப் போச்சுங்க டீச்சர்."

 

கோடியைத் திருப்பி வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று அவர் அதைக் கேட் ஓரமாக வைக்கக் குனிந்தார். "எனக்குக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டேன். என் மருமகள் பதறிவிட்டாள். "கோடிச் சேலையப் போயி யாராச்சும் கட்டுவாங்களா அத்தை?" என்றாள். அலசிக் காயப்போட்டு மடித்து வைத்தேன்.

போன வாரம் அதைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பாலசமுத்திரம் போனேன். தண்டபாணி வாசலுக்கு வந்தார். சேலையைத் தலைப்பிலிருந்து கொசுவம் வரை பார்த்தார். அதுவரை என்னை டீச்சர் என்றே கூப்பிட்டு வந்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றார்.

தமயந்தி டீச்சர் விட்டுப்போனதில் அந்தச் சேலையும் அந்தத் தம்பியும் என்னிடம் இருக்கிறார்கள்.