கலைச்செல்வனுக்கு நான் காட்டிய வயல்

கலைச்செல்வனைப் பற்றி நல்லவிதமாக எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் எழுதினால் வயிற்றெரிச்சலோடுதான் எழுத முடியும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவன் சிறுவாச்சூர்க்காரன். பெரம்பலூரில் பன்னிரண்டாவது வரை என்னோடு ஒரே பெஞ்ச். தவளையை அறுக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். அவனுடைய விலங்கியல் நோட்டில் பாதிப் படங்கள் நான் வரைந்தவை. அப்படிப்பட்டவன் திருச்சியில் இன்ஜினியரிங், அகமதாபாத்தில் எம்.பி.ஏ. முடித்து, 1995-இல் பம்பாயில் மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட் ஆனான். அதாவது பெரிய கம்பெனிகளுக்குப் போய், இதை இப்படி நடத்துங்கள் என்று யோசனை சொல்கிற வேலை. சிமென்ட் கம்பெனிக்கும் சொல்வான், சோப்புக் கம்பெனிக்கும் சொல்வான். "சும்மா யோசனை சொல்றதுக்கா சம்பளம் குடுக்குறான்?" என்று ஊரில் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். எவ்வளவு சம்பளம் என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் தாவரவியலில் எம்.எஸ்சி. ஹைதராபாத் விதைக் கம்பெனி ஒன்றில் 1997-இல் கள அலுவலராகச் சேர்ந்தேன். பெரம்பலூர், அரியலூர் பக்கம் பருத்தி போடுகிற ஊர் ஒன்று விடாமல் மோட்டார் சைக்கிளில் அலைந்தேன். எந்த ஊரில் கரிசல் எங்கே முடிகிறது, யார் கிணறு எந்த மாதம் வற்றும், எல்லாம் எனக்கு அத்துப்படி. அவனிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது என்றால் அது இதுதான். திருச்சி மண்டல மேலாளர் ஆக வேண்டும் என்பது என் ஆசை. ஒரு ஜீப், ஒரு ஆபீஸ், வெயில் படாத ஒரு நாற்காலி. வேறு எதையும் நான் கேட்கவில்லை.

2005-இல் எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. உயிரித் தொழில்நுட்பப் பிரிவுக்குப் புதிய தலைவர்: கலைச்செல்வன். யோசனை சொல்ல வந்தவனை முதலாளிக்குப் பிடித்துப்போய் அங்கேயே உட்கார வைத்துவிட்டார். மரபணு என்றால் என்னவென்று ஒழுங்காகத் தெரியாதவன் இனி விஞ்ஞானிகளுக்கு மேலதிகாரி. எனக்கும்தான்.

"ஒங்க கூடப் படிச்சவருதானே, போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள் என் மனைவி தேவயானி. "அதுக்கு ஏன் மூஞ்சி இப்புடிப் போவுது?"

போன் செய்தேன். "அழகேசா, பத்து வருசம் ஊருக்கெல்லாம் யோசனை சொன்னேன். நடத்திப் பார்க்கணும்னு தோணிச்சு, வந்துட்டேன்" என்றான். "இங்க ஒண்ணும் புரியலடா. காலேஜ் புத்தகத்த வாங்கி வச்சுப் படிக்கிறேன். லேப்ல எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க." அதைக் கேட்ட பிறகுதான் என் மனது கொஞ்சம் ஆறியது.

மறு தை மாதம் அவன் பெரம்பலூர் வருவதாகச் சொன்னான். கூடவே ஹைதராபாத்திலிருந்து இரண்டு விஞ்ஞானிகள். எங்கள் புழு எதிர்ப்புப் பருத்தியைப் பார்க்க வேண்டுமாம். அந்த விதைப் பாக்கெட்டுக்குள் ஒரு சின்னப் பை இருக்கும். அதில் இருப்பது சாதாரணப் பருத்தி விதை. அதை வயலைச் சுற்றி ஓரத்தில் ஐந்து வரிசை நட வேண்டும். புழு ஓரத்துச் செடியைத் தின்று பிழைத்துக் கிடந்தால், உள்ளே இருக்கும் செடியில் புழுவைக் கொல்ல வைத்திருக்கும் விஷத்துக்குப் பழகாது. "ஓரம் நல்லா இருக்கிற வயலாப் பார்த்துக் காட்டுடா" என்றான். திருச்சி மேலாளர் இடம் அப்போது காலியாக இருந்தது. ஆள் போடுவது அவன் கையில்தான் என்று கேள்வி.

நல்ல வயல் நான்கு எனக்குத் தெரியும். அவனை அங்கே கூட்டிப் போகவில்லை. ரஞ்சன்குடியில் அம்சவள்ளியின் வயலுக்குக் கூட்டிப் போனேன். அங்கே என்ன நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு பேர் முன்னால் அவன் திருதிருவென்று விழிப்பதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

நினைத்தபடியே ஆயிற்று. ஓரத்துச் செடிகள் சுத்தமாக இருந்தன. நடு வயலில் அங்கங்கே ஒரு செடி, காயெல்லாம் புழு துளைத்து நின்றது. விஞ்ஞானிகள் முகம் மாறியது. விதையே தோற்றுவிட்டதோ என்று பதறினார்கள். ஒருவர் கலைச்செல்வனைப் பார்த்து, "நீங்க என்ன சார் நினைக்கிறீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேட்ட விதத்திலேயே கேலி இருந்தது. அவன் தலைகுனிந்து நின்றான். எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

அவன் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு, பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் போனான். "ஏங்க, இத வெதச்சது யாருங்க?"

"நாங்கதான்" என்றாள் அம்சவள்ளி. "வெத ஊனுறது எப்பவும் பொம்பளைங்கதானே."

"அந்தச் சின்னப் பைய என்னா பண்ணீங்க?"

"அது கொசுறுதானே? மொளைக்காத குழியில எல்லாம் அதப் போட்டு ஊனிட்டோம்."

"ஓரத்துல போடணும்னு சொல்லலியா?"

"கூட்டம் போட்டா ஆம்பளைங்க போயி டீ குடிச்சுட்டு வராங்க. எங்களுக்கு யாரு சொன்னா?"

புழு துளைத்தது அந்தச் சாதாரணச் செடிகளைத்தான், விதை தோற்கவில்லை என்றதும் விஞ்ஞானிகளுக்கு உயிர் வந்தது. கேலி செய்தவர் நோட்டை எடுத்து அவன் சொல்வதை எழுதிக்கொண்டார். தவளைக்குப் பயந்தவன் மூன்றே கேள்வியில் காரியத்தை முடித்துவிட்டான். எனக்குக் காது வரை எரிந்தது.

அப்போது அவன் என் பக்கம் திரும்பினான். "அழகேசா, இது ஒனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றால், தெரிந்தே ஏன் இங்கே கூட்டி வந்தாய் என்பான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"தெரியாதுங்க சார்" என்றேன்.

அம்சவள்ளி என்னை நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் பருத்தி விதைக்கும்போது அந்தப் பையை என்னிடம் நீட்டி, இதை என்ன செய்வது என்று கேட்டவள் அவள். அப்புறம் சொல்கிறேன் என்று வண்டியைக் கிளப்பிப் போனவன் நான். அவள் அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

டவுனைத் தாண்டி அவன் ஊர் வரை காரில் போனோம். சிறுவாச்சூர் விலக்கில் இறங்கி நின்றபோதுதான் என் தோளில் கை வைத்தான்.

"திருச்சிக்கு ஒன் பேரைத்தான்டா எழுதி வச்சிருந்தேன். மண்ணு தெரிஞ்ச ஆளு ஒருத்தன் பக்கத்துல வேணும்னு நெனச்சேன். தெரியாத ஆளுக்கு நானே இருக்கேன்ல."

அவன் குரலில் கோபம் இல்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னான்.