பலகைக்கு முன்னால் ஒரு படகு

காலையில் நாயோடு நடக்க வருகிறவர்கள் எங்கள் படகுக்கு முதுகைக் காட்டி நின்று, கரையில் நட்டிருக்கும் வரலாற்றுப் பலகையை வாசிக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் இந்தச் சின்னத் துறைமுகத்துக்கு நான் வந்த நாளிலிருந்து பார்க்கும் காட்சி. ஒருநாள் நானும் போய் வாசித்தேன். இரண்டு பாறைகள் கடலுக்குள் நீண்டு குடாவை அணைத்துக்கொண்டதால், யாரும் கட்டாமலே இங்கே துறைமுகம் உண்டானதாம். ஹெரிங் மீன் கொழித்த காலத்தில் பெண்கள் கூட்டமாக நின்று மீனைக் கீறி, உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்தார்களாம். படகுகள் பெரிதாகப் பெரிதாகக் குடாவின் வாய் போதாமல், தொழில் பெரிய துறைமுகங்களுக்குப் போய்விட்டது. கடைசி வரி: 'இத்துடன் இங்கே மீன்பிடித்தல் முடிவுக்கு வந்தது.' அதை வாசிக்கும்போது என் கையுறையிலிருந்து இறால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

யாரும் கட்டாமலே! புதுக்கடைக்குத் தெற்கே எங்கள் ஊரில் கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பாறைகூடக் கிடையாது. ஆடி மாத அலையில் வள்ளம் கவிழ்ந்து அப்பாவின் தோள் எலும்பு முறிந்தது. தூண்டில் வளைவு என்று நாங்கள் சொல்லும் கல்தடுப்பைக் கேட்டு, நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுக்கு எத்தனையோ முறை மனுவோடு பஸ் ஏறினோம். கல் வந்தது. எங்கள் கரையைக் காத்து, அடுத்த ஊரின் மணலைத் தின்றது. இங்கோ ஆண்டவர் சும்மா கொடுத்த துறையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து வெயில் காய்கிறார்கள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

பலகையை வைத்த குழுவின் செயலாளர் மோரக் என்ற அம்மையார். அவரிடமே சொன்னேன்.

"கடைசி வரி தவறு. நான் மீன் பிடிக்கிறேன்."

"அப்படியா, எங்கே?"

"இங்கேதான்."

படகைப் பார்த்துப் புன்னகைத்தார். "அது ஊர்க்காரர்களைப் பற்றிய வரி. நீங்கள் வேலைக்குத்தானே வந்திருக்கிறீர்கள்?"

"மீன்பிடிப்பது வேலைதானே?"

"வேலை ரொம்பக் கஷ்டமா?" என்றார் கவலையோடு. மறுநாள் ஒரு டப்பா கேக்கும் பழைய ஸ்வெட்டரும் படகுக்கு வந்தன. வரி மாறவில்லை.

அந்த வாரம் எங்கள் ஊரில் தூண்டில் வளைவை நீட்டுவது பற்றிக் கூட்டம். அடுத்த ஊரைக் கேட்காமல் நீட்ட வேண்டாம் என்று அண்ணனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தேன். கூட்டம் முடிந்ததும் அழைத்தார்.

"லே மக்கா, உனக்க மெசேஜப் போட்டுக் காட்டுனேன். கடல்ல போறவன் மட்டும் பேசட்டுன்னு சொல்லிட்டானுவ."

"நான் இப்பமும் கடல்லதாண்ணே கெடக்கேன்!"

"அது எவனுக்கக் கடலோ," என்றார்.

மறுநாள் நடுக்கடலில் வலையை ஏற்றி முடித்ததும், ஸ்கிப்பர் ஈவன் சுக்கானை என்னிடம் கொடுத்து, "ஹோம்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட உள்ளே போனார். இந்த ஊரில் பிறந்தவர், படகும் அவருடையது; பலகையின் கடைசி வரி அவரையும் மறந்திருந்தது. எனக்கு வழி நன்றாகத் தெரியும். ஆனாலும் 'வீட்டுக்கு' என்ற அந்தச் சொல்லுக்கு என் கை நகரவில்லை. படகு அலைக்கு விலாவைக் காட்டிப் புரண்டது; உள்ளே கெட்டில் உருண்டது.

"எங்கே போகிறாய் நீ?" என்று கத்தினார்.

அவருடைய கரையை நோக்கிச் சுக்கானைத் திருப்பினேன்.