சென்னியப்பன் அண்ணன் குண்டை இழுத்த கதை

திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போடுகிற சென்னியப்பன் அண்ணனுக்கு இந்த உலகத்தில் இரண்டு விஷயம் பிடிக்கும். ஒன்று, புது டூல்ஸ் வாங்குவது. இன்னொன்று, அதில் எதை எடுக்கலாம் என்று நாலு பேரைக் கூட்டி யோசனை கேட்பது. வேலை செய்வது மூன்றாவதாக வரலாம். எனக்கு உறுதியாகத் தெரியாது. அவர் கடைக்குப் பக்கத்தில் வளையல் கடை போடுகிறவள் நான். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், தறிச் சத்தம் காதுக்கு ஆகவில்லை என்று அதை விட்டுவிட்டுத் துப்பாக்கிக்கு வந்தார். அவர் மனைவி மாசாணி அக்காதான் பலூன் ஊதுவாள், பலகையில் கட்டுவாள், பின்னால் தொங்கும் துணியில் குண்டு போட்ட ஓட்டைகளுக்கு ஒட்டுப் போட்டுத் தைப்பாள். துப்பாக்கியை மட்டும் தொட்டதில்லை. கேட்டால், "அது வெளயாட்டுச் சாமானில்ல புள்ள" என்பார் அண்ணன், விளையாட வந்தவனிடம் அதை நீட்டிக்கொண்டே.

இந்த வருடம் அவிநாசித் தேருக்கு அக்கா விடவில்லை. தேரன்றைக்கு முதல் சூடு தனக்குத்தான் என்று வாக்கு வாங்கிவிட்டாள். காலையில் தலைக்குக் குளித்துப் பூ வைத்து வந்து, துப்பாக்கிக்குச் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். சந்தோஷத்தில் சந்தனம் கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது. கல்யாணப் பெண்கூட அப்படிச் சிரிக்கமாட்டாள்.

அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். வெயில் ஏறியதும், "சித்த இரு, ஒருக்கா சுட்டுப் பாத்துத் தாரேன்" என்று துப்பாக்கியை எடுத்தார். புஸ்ஸென்று ஒரு சத்தம். குண்டு குழாய் வாயருகிலேயே சிக்கிக்கொண்டது.

"ஏனுங்க, மொதல் சூடு எனக்குன்னு சொன்னீங்களே!"

"குண்டு வெளிய வந்தாத்தான புள்ள சூடு? இது கணக்குல வராது."

இருப்பது ஒரே துப்பாக்கி. தேர் கிளம்பினால் கூட்டம் வந்துவிடும். கூட்டம் வந்தால் அக்காளின் முதல் சூடு யாரோ ஒருவனுக்குப் போய்விடும். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அண்ணனோ யோசனை கேட்கக் கிளம்பிவிட்டார்.

முதலில் அக்காளின் குடையிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கினார். கம்பி வளைந்தது, குடையும் போயிற்று. அடுத்து சைக்கிள் போக்ஸ் கம்பி. அது மெல்லியது, ஈயக் குண்டின் நடுவில் குத்தி அகட்டிவிட்டதில் அது முன்பைவிட இறுகிக்கொண்டது. அப்போதுதான் தேர் பார்க்க வந்த லேத் பட்டறை சுரேந்தர் எட்டிப் பார்த்தான்.

"தள்ளாதீங்ணா, வாய்ப்பக்கமா இழுங்க. பித்தளைக் கம்பி நுனியில ஸ்க்ரூ வெச்சது இருந்தா, ஈயத்துக்குள்ள திருகி உருவிப்போடலாம். இரும்பு வேண்டாம், உள்ள கீறல் உழுந்துரும்."

அண்ணன் நிதானமாகத் தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஸ்க்ரூ வைத்த பித்தளைக் கம்பிகள் மூன்று, கவர்கூடப் பிரிக்காமல் கிடந்தன.

"அட, இத்தனை வெச்சுக்கிட்டா குடையப் பிச்சீங்க?" என்றேன் நான்.

"இதுல எது எடுக்கறதுன்னுதான் அம்மணி ரோசனை. ஒண்ணு நீளம், ஒண்ணு தடி, ஒண்ணுக்குக் கைப்பிடி நல்லாருக்குது..."

தேர்முட்டிப் பக்கமிருந்து தேர் கிளம்புகிற மேளச் சத்தம் கேட்டது. அக்கா பலகைப் பக்கம் திரும்பி, கட்டிய பலூனையே அவிழ்த்து மறுபடி கட்டினாள். அவள் முந்தானையால் முகம் துடைத்ததை அண்ணன் பார்த்துவிட்டார்.

கைக்கு வந்த கம்பியை எடுத்தார். யாரிடமும் கேட்காமல் அவர் ஒரு டூலை எடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

துப்பாக்கியை மடக்கித் திறந்து வைத்துக்கொண்டு, மெல்லத் திருகி இழுத்தார். நசுங்கிய குண்டு வந்தது. அதைச் சுற்றி மஞ்சளாக, காய்ந்து கெட்டியான சந்தனம். அக்கா திரும்புவதற்குள் அதை லுங்கியில் அழுந்தத் துடைத்தார்.

"குண்டு மட்டம் புள்ள. கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்றார்.

நான் வளையலை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன். எனக்கு அந்த மனிதரை அப்போது ரொம்பப் பிடித்துவிட்டது.

குழாயைத் துடைத்து முடிப்பதற்குள் கூட்டம் வந்துவிட்டது. நீண்ட கைகளையெல்லாம் விலக்கிவிட்டு, துப்பாக்கியை அக்காளிடம் கொடுத்தார். அவள் பலூனுக்கு வலப்பக்கம் நாலு விரல் தள்ளிக் குறி வைத்தாள். "நேரா வெய்யி புள்ள!" என்று கத்தினார் அண்ணன், தொழில் மானம் போகிற பயத்தில். குறி பார்க்கிற முள்ளை லேசாக வளைத்து வைத்திருப்பது அவர் வழக்கம். நேரே சுட்டால் குண்டு இடப்பக்கம் போகும். இது தனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்தார். துணியில் ஒட்டுப் போட்டுத் தைப்பவளுக்கு ஓட்டை எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரியாதா?

பலூன் வெடித்தது. அக்கா சிரித்தாள். பார்த்துக்கொண்டிருந்த இளவட்டங்களும் நாலு விரல் தள்ளிச் சுட்டார்கள். பரிசுக்கு வைத்திருந்த சோப்பு டப்பா, டம்ளர், பிளாஸ்டிக் வாளி எல்லாம் சாயங்காலத்துக்குள் காலி. அண்ணன் அழாத குறை.

அடுத்த திருவிழாவுக்கு முள்ளை வேறு மாதிரி வளைத்துக்கொண்டு வந்தார். பலகைக்குப் பின்னால் புதுத் துணி, ஓட்டை ஒன்றுமில்லை. எந்தப் பக்கம் வளைத்தார் என்று நானும் கேட்டுப் பார்த்தேன், வாயே திறக்கவில்லை. கூட்டம் சேர்ந்ததும் மாசாணி அக்காளின் காதோரம் குனிந்து ஏதோ சொல்லிவிட்டு, துப்பாக்கியை அவள் கையில் கொடுத்தார்.